முப்பத்தெட்டு கிராம்

பிளாஸ்டிக் தண்டு ஆறு கிராம்.
டங்ஸ்டன் தண்டு நாற்பத்து நாலு.
மாவு நிறுக்கும் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன்.
நடுவே இருக்கும் முப்பத்தெட்டுக்கு
மூவாயிரத்து இருநூறு கொரூனா கொடுத்திருக்கிறார்
பல் மருத்துவர் வ்ராட்டிஸ்லவ்.

விஷ்கோவுக்கு வெளியே, தண்ணீர் தேங்கிய பழைய கல்குவாரி.
சனிக்கிழமைகளில் அங்கே சுடுகிறோம்:
அவர், தேனீ வளர்க்கும் ஷார்கா,
பிர்னோ ட்ராம் பணிமனையில் சக்கரம் கடையும் நான்.

பிஸ்டலைப் பிரித்தால்
ஸ்பிரிங்கின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் அந்தத் தண்டு.
ஸ்லைடு பின்னால் பாய்ந்து முன்னால் திரும்பும்வரை
ஸ்பிரிங்கைக் கோணாமல் பிடித்திருப்பது அதன் வேலை,
அவ்வளவுதான்.
அதைக் கனமாக்கினால் மூக்கு எழும்பாது,
உதைப்பு பாதியாகும் என்பது அவர் கட்சி.
எழும்பும், கொஞ்சம் சோம்பலாக எழும்பும் என்பது என் கட்சி.
ஷார்காவுக்குக் கட்சி கிடையாது, கேள்விதான் உண்டு:
"மூன்று தோட்டா சுட்டால் அதே எடை குறைந்துவிடுகிறதே,
அப்போது என்ன செய்வீர்கள்?"

முன்பக்கத்து எடை வேறு, கைப்பிடி எடை வேறு என்றார்.
உண்மைதான்.
ஆனாலும் பல் மருத்துவரோடு வாதாடுவது சிரமம்.
திறந்தபடி இருக்கும், பதில் சொல்லாத வாய்களோடு
பேசிப் பழகியவர்.

சரி, சோதித்துவிடலாம் என்றேன்.
பன்னிரண்டு மேகசின், ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா.
அவர் முதுகைக் காட்டி நிற்பார், நான் தண்டை மாற்றுவேன்.
சுட்டபின் எது என்று சொல்ல வேண்டும்.

ஏழு சரி, ஐந்து தப்பு.
ஒரு கொரூனா நாணயத்தைச் சுண்டியிருந்தாலும்
ஏறக்குறைய அதுதான் சொல்லியிருக்கும்.
டைமரில் குண்டுக்கும் குண்டுக்கும் இடையே
புள்ளி இருபத்து மூன்று, புள்ளி இருபத்து இரண்டு,
மறுபடி இருபத்து மூன்று.
ஆக வேகமானது பிளாஸ்டிக்கில் வந்தது.
அந்த நேரம் வெயில் மேகத்துக்குள் போயிருந்தது.

இதில் ஒன்றை நான் சொல்லவில்லை.
கடைசி மூன்று மேகசினுக்கு
டங்ஸ்டன் தண்டு என் கோட்டுப் பையிலேயே கிடந்தது.
"இதுதான்! வெண்ணெய் மாதிரி இருக்கிறது" என்றார், மூன்று முறையும்.
ஐந்து ஓட்டைகளை ஓர் உள்ளங்கையால் மறைக்கலாம்.

ஜனவரியில் கிளினிக் படிக்கட்டில், பனிக்கட்டியில் வழுக்கி
வலது மணிக்கட்டு முறிந்தது அவருக்கு.
உள்ளே ஒரு தகடு, ஏழு திருகு.
அன்றிலிருந்து விசை விழுவதற்கு ஒரு நூல் முன்னால்
கை தானாகக் குனிந்துகொள்ளும்;
ஓட்டையெல்லாம் இடப்பக்கம் கீழே.
அன்றைக்குத்தான் முதல் முறையாக நடுவில்.

உதைப்பை நாம் உணரும்போது குண்டு எப்போதோ போய்விட்டது.
தாளில் ஓட்டை விழுந்து முடிந்த சேதி,
கைக்குத் தாமதமாக வரும் தபால்.
பயம் அப்படியில்லை, முந்தி வந்து
உட்கார்ந்திருக்கும்.
அந்த இடத்தில் பொருத்த என்ன தண்டு கடைவது?
இருபத்தாறு வருடமாக இரும்போடு இருக்கிறேன்,
அதற்கு வரைபடம் என்னிடம் இல்லை.

ஷார்கா குடுவையை மூடினாள், மழை வந்தது,
அவசரத்தில் அவரவர் வண்டி.
வீட்டுக்குப் போய்ச் சாவி தேடும்போதுதான்
கோட்டின் ஒரு பக்கம் தாழ்ந்திருப்பது தெரிந்தது.
ஒரு வாரம் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது
அவருடைய மூவாயிரத்து இருநூறு.
இரண்டு முறை போனை எடுத்தேன்.
இரண்டு முறையும் ஷார்காவைக் கூப்பிட்டுத்
தேன் விலை கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று வாங்கி
சத்தமில்லாமல் தண்டை உள்ளே சேர்த்தேன்.
ஐந்து குண்டு சுட்டார்.
மணிக்கட்டை உதறினார்.
"இன்றைக்குக் கொஞ்சம் உதைக்கிறது" என்றார்,
"தோட்டாவை மாற்றிவிட்டார்களா?"

ஷார்கா என்னைப் பார்த்தாள்.
நான் இலக்குத் தாளைப் பார்க்கப் போனேன்.
நாலு நடுவில். ஒன்று மட்டும்
இடப்பக்கம் கீழே.